புதன்கிழமை நண்டுகள்

1

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் என்னிடம் கேட்பது இரண்டே கேள்விகள். "கல்கத்தாவுல மழையா?" என்பது ஒன்று. "அங்க உனக்கு என்னதான் வேலை?" என்பது இன்னொன்று. மழையைப் பற்றி ஒழுங்காகப் பதில் சொல்லிவிடுவேன். வேலையைப் பற்றி என்ன சொன்னாலும் கேலிதான் மிஞ்சும். "நண்டு நரம்புக்குச் சாயம் ஏத்துதேன்" என்று ஒரு முறை உண்மையைச் சொல்லிவிட்டேன். பாளையங்கோட்டையில் இருக்கும் என் அத்தான், "சைவப்பிள்ளை வீட்ல பொறந்துட்டு நண்டுக்கு டை அடிக்கான்" என்று ஒரு கல்யாண வீடு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். இந்தக் குறிப்புகளை அவரும் படிப்பார். இந்தத் தடவை சிரிக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

நான் ஹவுராவில் ரயிலைவிட்டு இறங்கி இந்த ஆனியில் இருபத்து நான்கு வருடம் முடிந்தது. என் மனைவி கோமதி அந்தத் தேதியை மறக்கமாட்டாள். "என்னைய இந்த ஊர்ல கொண்டாந்து தள்ளின நாளு" என்று முணுமுணுத்துக்கொண்டே வருடா வருடம் சேமியா பாயசம் வைப்பாள். இந்த வருடமும் வைத்தாள். எங்கள் ஒரே மகள் உமா, பத்தொன்பது வயது, கல்லூரிக்குக் கிளம்புகிற அவசரத்தில் நின்றபடியே டம்ளரை வாங்கினாள். வாங்கிய கை அப்படியே விட்டுவிட்டது. பாயசம் தரையெல்லாம் ஓடியது.

"ஏட்டி, கையில எண்ணெயா?" என்றாள் கோமதி.

"இல்லம்மா. விரல் ஜின்ஜின் பண்ணுது. ரெண்டு மூணு வாரமா இப்டித்தான்."

ஜின்ஜின் என்பது வங்காளச் சொல். நாம் மதமதப்பு என்போமே, அதுதான். உமாவுக்கு வலியும் கோபமும் முதலில் வங்காளத்தில்தான் வரும். தமிழில் அதை அவள் பிறகு தேடி எடுக்க வேண்டும்.

"எந்த விரல்?" என்று கேட்டேன்.

இரண்டு கைகளையும் நீட்டினாள். பார்க்க ஒன்றும் தெரியவில்லை. "வெயில்ல நின்னா உதடும் அப்டி ஆவுது அப்பா. சொத்தி" என்றாள். சொத்தி என்றால் நிஜமாக. அவள் சொல்வதை நான் நம்பவில்லை என்று தோன்றினால்தான் அந்தச் சொல் வரும்.

எந்நேரமும் மொபைலைப் பிடித்துக்கொண்டிருந்தால் அப்படித்தான் என்றாள் கோமதி. நரம்பை வைத்துச் சோறு தின்கிற நானும் யோசிக்கவில்லை. "சாயங்காலம் வரும்போது பி காம்ப்ளெக்ஸ் வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்தேன். அன்று புதன்கிழமை.

2

வேலையைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் மற்றது புரியாது.

ஜாதவ்பூர் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் டெக்னிக்கல் அசிஸ்டன்ட். நரம்பு இழை ஒவ்வொன்றையும் சுற்றி மிக மெல்லிய சவ்வு இருக்கிறது. நரம்பைத் தூண்டினால் அந்தச் சவ்வில் கண் இமைப்பதற்குள் ஒரு மாற்றம் ஓடி மறையும். தொடுவதும் சுடுவதும் நமக்குத் தெரிவது அந்த ஓட்டத்தால்தான். அதை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. அதனால் சவ்வில் போய் ஒட்டிக்கொள்கிற ஒரு சாயத்தை ஏற்றுகிறோம். பச்சை ஒளியைப் பாய்ச்சினால் அந்தச் சாயம் சிவப்பாக ஒளிரும். நரம்பில் செய்தி ஓடும் அந்த நொடியில் சிவப்பு ஒரு துளி கூடும் அல்லது குறையும். அந்தத் துளியை ஒரு கருவி பிடிக்கும். ஒரு தடவை தூண்டினால் போதாது. திரும்பத் திரும்பத் தூண்டி, கிடைத்ததையெல்லாம் கூட்டிப் பார்த்தால்தான் திரையில் ஒரு சின்ன மேடு எழும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. சாயம் மட்டும் இருந்தால் நரம்பு தாங்கும். ஒளி மட்டும் பட்டாலும் தாங்கும். இரண்டும் சேர்ந்தால் நரம்பு கெட ஆரம்பிக்கும். மேடு சிறுத்துக்கொண்டே வந்து, கடைசியில் எவ்வளவு தூண்டினாலும் கோடு நேராகவே கிடக்கும். அதனால்தான் இருட்டறை. புதிதாக வருகிறவர்களிடம் எங்கள் பேராசிரியர் சொல்வது ஒன்றே ஒன்று: "பார்க்கப் பார்க்கக் கெடும், அதனால் குறைவாகப் பார்."

நண்டு வாங்குவது என் பொறுப்பு. செவ்வாய்க்கிழமை காலையில் சந்தைக்குப் போய், சுந்தரவனத்திலிருந்து வருகிற பெரிய சேற்று நண்டாக நான்கு ஐந்து பொறுக்குவேன். கடைக்காரருக்கு நான் நண்டுப் பிரியன் என்று நினைப்பு. "தாதாவுக்கு முட்டை உள்ளதா எடு" என்று தன் ஆளிடம் சத்தம் போடுவார். தாதா என்றால் இங்கே அண்ணன். நான் மறுத்ததில்லை. புதன்கிழமை காலையில் நண்டை ஐஸில் வைத்து மயக்கி, கால்களை எடுத்து, கணுவில் ஓட்டைச் சுற்றி வெட்டி மெதுவாக இழுத்தால் நரம்பு வெள்ளை நூலாக வெளியே வரும். எங்களுக்கு வேண்டியது அந்த நூல் மட்டும்தான்.

மிச்ச உடலை மஞ்சள் பையில் கட்டி, பதிவேட்டில் எழுதி, மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கி, கழிவு வண்டி வரும்வரை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. மூன்று பேரில் ஒருவர் எப்போதும் லீவில் இருப்பார். வண்டி வாரத்துக்கு இரண்டு நாள்தான் வரும். மழைக்காலத்தில் அந்த நாற்றத்தை நான் எழுதப்போவதில்லை. எங்கள் கண்ணாடிச் சாமான்களைக் கழுவுகிற பூர்ணிமா மாஷி (மாஷி என்றால் சித்தி) ஒரு நாள், "தாதா, இவ்வளவு நல்ல நண்டையா குப்பையில போடறீங்க?" என்று கேட்டாள். அன்றிலிருந்து உடலும் கொடுக்கும் அவளுக்குப் போயின. பதிவேட்டில் "அப்புறப்படுத்தப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். பதினைந்து வருடம் இப்படி நடந்தது. அந்தக் காலத்தில் வெளியே இழுத்த நரம்பில் மட்டும்தான் சாயம் போடுவோம், உடலில் ஒரு சொட்டுகூடப் பட்டதில்லை. என் ஏற்பாட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. யாருக்கும் நஷ்டமில்லை, பொருளும் வீணாகவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

3

பாளையங்கோட்டையில் எங்கள் அண்ணன் கல்லூரி நாட்களில் ஒரு நண்பன் வீட்டில் மீன் சாப்பிட்டுவிட்டு வந்தான். சோப்புப் போட்டுக் கழுவியும் அப்பா மூக்குக்குத் தப்பவில்லை. அப்பா கைநீட்டுகிறவர் இல்லை. கத்தவும் இல்லை. மறுநாளிலிருந்து அண்ணனுக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் பின்வாசலில் தனியாக இருந்தன. அம்மா அங்கே போய்ப் பரிமாறிவிட்டு வருவாள். மூன்று மாதம் அப்படி நடந்தது. பிறகு தட்டு உள்ளே வந்துவிட்டது, ஆனால் அண்ணன் வரவில்லை. வேலை கிடைத்த முதல் வருடமே மும்பைக்குப் போனவன் இப்போது பொங்கலுக்கு மட்டும் பேசுகிறான்.

இதை உமாவுக்குப் பத்து வயதில் ஒரு வேடிக்கைக் கதையாகச் சொன்னேன். அப்பாவின் மூக்கை நடித்துக்கூடக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"நீயும் அப்டி வைப்பியாப்பா?"

"பின்னே? வைக்காம?" என்றேன் விளையாட்டாக. அன்றைக்கே அதை மறந்துவிட்டேன்.

கோமதி வங்கியில் வேலை பார்க்கிறாள். உமா சிறுமியாக இருந்தபோது பள்ளி முடிந்ததும் மாஷி வீட்டில்தான் இருப்பாள். ஜாதவ்பூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. மாஷியின் மகள் தும்பாவுக்கும் உமாவுக்கும் ஒரே வயது. சாயங்காலம் கூட்டிவரப் போகும்போது, "என்ன சாப்ட்ட?" என்று கேட்பேன். "முறி" என்பாள். முறி என்றால் பொரி. ஒரு குழந்தை வருடக்கணக்காகப் பொரியை மட்டும் தின்று அவ்வளவு கொழுகொழுவென்று இருக்குமா என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தோன்றாமல் பார்த்துக்கொண்டேன் என்பதே சரி.

நான் நண்டைத் தொட்ட கையோடு வீட்டுக்குள் வரமாட்டேன். குளித்துவிட்டுத்தான் சமையல்கட்டுக்குப் போவேன். இதை வைத்து அம்மாவும் மகளும் என்னை ஓட்டாத நாள் கிடையாது.

4

பொய்லா பைஷாக் முடிந்த வாரம், அதாவது நம் சித்திரை பிறந்த கையோடு, ஷ்ரேயசி என்கிற ஆராய்ச்சி மாணவி முறையை மாற்றினாள். கெட்டிக்காரப் பெண். அவளுக்கு ஒரு குறை: வெளியே இழுத்த நரம்பில் சாயம் மேலோட்டமாகத்தான் பிடிக்கிறது, உள்ளே இருக்கும் இழைகளுக்குப் போவதில்லை. "ஷொங்கோர்தா, உயிரோட இருக்கும்போதே ஊசி போட்டா என்ன? நண்டோட ரத்தமே எல்லா இடத்துக்கும் கொண்டுபோயிடுமே" என்றாள். சங்கரலிங்கம் இந்த ஊரில் ஷொங்கோர்தா ஆகி வெகுநாளாயிற்று.

பேராசிரியர் சரி என்றார். செவ்வாய் மாலை நண்டின் கால் அடியில் ஊசி போட்டு, இருட்டான தொட்டியில் விட்டுவைப்போம். புதன் காலைக்குள் உடல் முழுக்கச் சாயம் பரவியிருக்கும். ஊசியில் சாயத்தை ஏற்றிக் கொடுத்தவன் நான்தான். அளவு சொன்னவள் அவள், கை என்னுடையது. முதல் தடவையே திரையில் மேடு நன்றாக எழுந்தது. ஷ்ரேயசி சந்தேஷ் என்கிற பால் இனிப்பு வாங்கிவந்து எல்லாருக்கும் கொடுத்தாள். நான் சந்தேஷைத் தின்றுவிட்டு, உடல்களை ஐஸில் போட்டுக் கட்டி, வழக்கம்போல மாஷியின் பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

எப்படி வைத்தாய் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். ஞாபகமறதி என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் அது பொய். நண்டு தின்கிற பொருள் என்பது எனக்கு உறைத்ததே இல்லை. பிறந்ததிலிருந்து அது என் தட்டுக்கு வந்ததில்லை. எனக்கு அது நரம்பு வருகிற இடம், நாற்றம் அடிக்கிற மிச்சம், மாஷிக்குப் போகிற பை. அதே சாயத்தை ஒரு வெண்டைக்காயில் ஏற்றியிருந்தால் காம்பைக்கூட வெளியே விட்டிருக்கமாட்டேன். என் சைவம் என் மகளுக்கு எதைச் செய்தது என்று இதற்குமேல் விளக்க எனக்குத் தெரியவில்லை.

பதிவேட்டைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். பதினொரு புதன்கிழமைகள். பதினொன்றிலும் "அப்புறப்படுத்தப்பட்டது", கீழே என் கையெழுத்து. கடைசிக் கையெழுத்து பாயசம் கொட்டிய அன்று போட்டது.

5

மறுநாள் வியாழக்கிழமை முற்பகலில் இருட்டறையில் விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தேன். பச்சை ஒளி மேசைமேல் விழுந்துகொண்டிருந்தது. மாஷி கதவைத் தட்டிவிட்டு பீக்கர்களை எடுக்க வந்தாள். ஒளியின் குறுக்கே கையை நீட்டினாள்.

அவளுடைய நகக்கண்கள் சிவப்பாக ஒளிர்ந்தன. பத்து விரலிலும்.

கழுவும்போது பட்டிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மாஷி முழங்கை வரைக்கும் உறை போடாமல் எதையும் கழுவமாட்டாள். அவளை அதற்குப் பழக்கியதே நான்தான்.

"மாஷி, கையில என்ன?" (நாங்கள் பேசியது வங்காளம், தமிழில் தருகிறேன்.)

"அட, அதுவா? நேத்து உங்க நண்டைச் சுத்தம் பண்ணப்ப ஒட்டினது. கொஞ்ச நாளாவே கையைச் சிவப்பாக்குது. மூணு தடவை தேய்ச்சிட்டேன், போகமாட்டேங்குது. சமைச்சா எப்படியும் சிவந்துதானே போகுதுன்னு விட்டுட்டேன்" என்று சிரித்தாள்.

விளக்கை அணைத்தேன். அணைத்த பிறகும் அந்தப் பத்து நகங்கள் கண்ணுக்குள்ளேயே நின்றன. வெளிச்சத்துக்குக் கதவைத் திறந்துவைத்தேன். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துகொண்டு கேட்டேன்: "வீட்ல யார் யாரு சாப்பிடுவீங்க?"

"நான், தும்பா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். "வேற யாரும் இல்ல" என்று சொல்லிவிட்டு பீக்கர்களை அடுக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே அடுக்கியிருந்ததைத்தான் அடுக்கினாள்.

சாயத்தைப் பற்றிச் சொன்னேன். ஊசி போட்டது, சித்திரையிலிருந்து வாரா வாரம் கொடுத்தது, என் தவறு என்று எல்லாவற்றையும் சொன்னேன். மாஷி சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாக்கு ஜின்ஜின்னு இருந்திச்சு தாதா. கடுகெண்ணெய் காட்டம்னு நெனச்சேன்" என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "ஒண்ணு சொல்லணும். முதல்ல சத்தியம் பண்ணுங்க, திட்டமாட்டேன்னு."

"உங்களை எதுக்கு நான் திட்டப்போறேன்?"

"என்னை இல்ல. உமாவை."

எனக்கு அப்போதே எல்லாம் தெரிந்துவிட்டது. இருந்தாலும் அவள் சொல்லி முடிக்கும்வரை ஒரு வார்த்தையாவது வேறு மாதிரி இருக்கும் என்று காத்திருந்தேன்.

"ஒன்பதாம் கிளாஸ்லேர்ந்து நண்டுக்குன்னே வர்றா. வியாழக்கிழமை எங்க வீட்ல லக்ஷ்மி பூஜை, மீன், நண்டு எதுவும் அடுப்புல ஏறாது. அதனால புதனன்னைக்கே எல்லாத்தையும் சமைச்சு முடிச்சிடுவேன். அவளுக்கு நல்லா காரமா ஜால் குழம்பு வைக்கணும். தும்பாவும் நானும் கொடுக்கைக் கடிச்சுக்குவோம். ஓட்டுக்குள்ள இருக்கிற மஞ்சளை மட்டும் வழிச்சு அவளுக்கு வைப்பேன். உங்க வீட்ல கிடைக்காதேன்னு." மாஷி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்பாவுக்குத் தெரிஞ்சா எனக்குத் தனித்தட்டு வெச்சிடுவாரு மாஷி, யாருட்டயும் சொல்லாதேன்னு கெஞ்சினா. நேத்துகூட வந்தா."

நண்டின் உடலில் போகிற எதுவும் கடைசியில் அந்த மஞ்சளில்தான் தேங்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஷ்ரேயசியிடம் சொன்னேன். முகம் வெளுத்து, "ஷொங்கோர்தா, பாடியெல்லாம் மஞ்சள் பைக்குப் போகுதுன்னுல்ல நெனச்சேன்" என்றாள். அவள் மேல் தப்பில்லை. பதிவேடு அப்படித்தான் சொல்லியது. அடுத்த அரைமணி நேரத்தில் மாஷியையும் தும்பாவையும் அவளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பேராசிரியர் போனில் வேலை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, சம்பவப் படிவத்தை நிரப்பிவிட்டுப் போகும்படி சொன்னார். அதில் ஒரு கேள்வி: பாதிக்கப்பட்டவர் ஊழியரா, மாணவரா, பார்வையாளரா? உமா எங்கள் கூடத்துக்குள் ஒரு நாளும் காலெடுத்து வைத்ததில்லை. பார்வையாளர் என்று குறியிட்டேன். கீழே மூன்று கையெழுத்துக்குக் கட்டம் இருந்தது. எரிச்சலில் அதைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே வந்து கோமதிக்குப் போன் செய்தேன்.

முழுக்கக் கேட்டாள். 

"அவ அங்க சாப்பிடுதான்னு எனக்குத் தெரியும்" என்றாள். "ரொம்ப நாளாத் தெரியும். வாசம் தெரியாதா ஒரு தாய்க்கு? நீங்க கட்டிக் குடுக்கிற நண்டுன்னுதான் தெரியாமப் போச்சு."

6

கோமதியின் வங்கிக்குப் பக்கத்தில், பவானிபூரில், நரம்பு டாக்டர் ஒருவரின் சேம்பர் இருக்கிறது. அவள் அன்றைக்கே மூன்று மணிக்கு நேரம் வாங்கிவிட்டாள். நான் கல்லூரி வாசலில் போய் உமாவுக்காக நின்றேன். "பி காம்ப்ளெக்ஸுக்குப் பதிலா டாக்டராப்பா? இவ்ளோ ப்ரமோஷனா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

இரண்டு நாள் மழைக்குப் பிறகு வெயில் சுள்ளென்று அடித்தது. ஆட்டோவுக்கு நிற்கும்போது அவள் துப்பட்டாவை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். "வெயில் குத்துது" என்றாள். நான் குடையை விரித்து அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தேன். ஆட்டோவில் நிழல் விழுகிற பக்கத்துக்கு அவளைத் தள்ளி உட்காரச் சொன்னேன். "என்னப்பா இன்னிக்கு இவ்ளோ பாசம்?" என்றாள். சாயமும் ஒளியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இருபத்து நான்கு வருடமாகப் பார்த்தவன் நான். அவளிடம், வேர்க்கும் அதான் என்று சொன்னேன். மெட்ரோவில் மூன்று தடவை பேச்சை எடுத்தேன். மூன்று தடவையும் அவளுடைய தேர்வைப் பற்றிக் கேட்டு முடித்தேன். சுரங்கத்துக்குள் வெயில் இல்லை என்பது மட்டும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

சேம்பர் வாசலில் கோமதி நின்றுகொண்டிருந்தாள். மூன்று பேரும் உள்ளே போனோம். டாக்டர் வயதானவர், நிதானமானவர். உமாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். ஒரு குண்டூசியால் விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, "குத்தும்போது சொல்லு மா" என்றார்.

"ம்" என்றாள். "ம்."

மூன்றாவது விரலில் ஊசியை வைத்தார். உமா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் அழுத்தினார். தோல் வெளுத்துக் குழிந்தது. மூடிய கண்ணோடு அவள் இன்னும் ஊசிக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். நரம்பைத் தூண்டிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பதுதான் இத்தனை வருடமாக என் பிழைப்பு. பதில் வராத நரம்பு எனக்குப் புதிதில்லை.  கோமதி என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் எழுதிக்கொண்டே வங்காளத்தில் கேட்டார். "வெளியில ஏதாவது சாப்பிட்டியா? மீன், இறால், நண்டு, வழக்கமா சாப்பிடாதது ஏதாவது?"

உமா கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்தாள், ஒரு நொடிதான் இருக்கும். "இல்ல டாக்டர். நாங்க சைவம். வீட்டைத் தவிர எங்கயும் சாப்பிடமாட்டேன்" என்றாள். தடுமாற்றமே இல்லாமல் சொன்னாள். எத்தனை வருடப் பழக்கம் என்று அதிலேயே தெரிந்தது. விரல் செத்துக்கொண்டிருக்கும்போதும் இவள் பொய் சொல்வது என் ஒருவனுக்குப் பயந்துதான் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சாப்பிட்டிருக்கா டாக்டர்" என்றேன். "நண்டு. வாரா வாரம். பதினொரு வாரமா."

உமாவின் முகம் சிவந்து போயிற்று. தமிழுக்கு மாறினாள். "அப்பா, இல்லப்பா, கொஞ்சமா தான், மாஷிய ஒண்ணும் சொல்லாதே, அவங்க வேணாம்னுதான் சொன்னாங்க, நான் தான்..."

"உமா, நீ சாப்பிட்டதுக்கு இல்லம்மா. நீ என்ன வேணா சாப்பிடு. நான் குடுத்ததுதான்மா தப்பு. அந்த நண்டு என் லேப்லேர்ந்து வந்தது. அதுல மருந்து ஏத்தியிருந்துச்சு. ஏத்தினது நான்."

அவளுக்குப் புரிய நேரமாயிற்று. தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சட்டைப்பையிலிருந்து சாயத்தின் பெயரும் அளவும் எழுதிய தாளை எடுத்து டாக்டரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, தாளைக் கிட்டே வைத்துப் படித்தார். இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். இது சத்துக் குறைவாலும் வரலாம், வேறு பத்துக் காரணமும் இருக்கலாம், ரத்தமும் சிறுநீரும் பார்க்கலாம், நரம்புச் சோதனையும் எடுக்கலாம், தெரியும்வரை வெயிலில் போகவேண்டாம் என்றார். பிறகு தாளை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "இதைப் பத்தி என்னைவிட உங்களுக்குத்தானே தெரியும். மனுஷ உடம்புல என்ன செய்யும்?" என்று கேட்டார்.

"யாரும் பாத்ததில்ல டாக்டர். நாங்க நரம்பைத்தான் பாக்கறோம்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தவில்லை. கோமதி ஜன்னல் திரையைப் போய் இழுத்து மூடிவிட்டு வந்தாள். அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள்.

"அப்பா" என்றாள் உமா. அவள் குரலில் கோபம் இல்லை. பயந்த பிள்ளை கேட்கிற மாதிரிதான் கேட்டாள், முழுக்கத் தமிழில். "நண்டு நரம்புல அந்தச் சாயம் எத்தன நாள் இருக்கும்? அப்பறம் சரியாயிடுமா?"

இவ்வளவு வருடத்தில் எத்தனை நரம்புகளை இழுத்து எடுத்திருப்பேன். எந்த மாணவனும், எந்தப் பேராசிரியரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை. அவளுடைய கையை எடுத்து என் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டேன். நான் பிடித்திருப்பது அவளுக்குத் தெரிகிறதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"தெரியலம்மா" என்றேன். "நாங்க அதைச் சாயங்காலமே தூக்கிப் போட்டுருவோம். மறுநாள் என்ன ஆகும்னு யாருமே பாத்தது இல்ல."